டெண்டர் பதிவேட்டில் மணி இரண்டரை

என் உத்தியோகத்தில் நான் எழுதிய பொய்களை எண்ணிப் பார்த்தால் நிறையத் தேறும். ஆனால் வாக்கியம் என்னவோ ஒன்றுதான். "பிற்பகல் 2.30 மணிக்கு, வந்திருந்தோர் முன்னிலையில், ஒப்பந்தப்புள்ளிகள் திறக்கப்பட்டன." ஆங்கிலத்தில் எழுதுவேன், தமிழில் சொன்னால் இப்படி வரும். குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். அந்தக் கையெழுத்தை ஒரு வெள்ளைக்காரர் பாராட்டியிருக்கிறார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பல்லாவரத்திலிருந்து தெற்கே இருக்கிற ஊர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர ஒரு திட்டம் வந்தது. பணம் வெளிநாட்டுக் கடன். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து அதற்கு ஆபீஸ் போட்டார்கள். நான் அங்கே டெண்டர் பிரிவில் கிளார்க். திட்டம் இருக்கிறவரை வேலை, முடிந்தால் வீட்டுக்குப் போ என்கிற டெம்பரரி உத்தியோகம். வீடு கிழக்குத் தாம்பரத்தில். அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அம்மா இல்லை. இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு நடந்தது. யாராவது இரக்கப்படட்டும் என்று இதைச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்ததற்கு என்னிடம் இருக்கிற சாக்கு இது ஒன்றுதான். அதை முதலிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன்.

டெண்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: ஒரு வேலையை எந்த ரேட்டுக்குச் செய்து தருவோம் என்று காண்ட்ராக்டர்கள் எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்து, என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் போடுவார்கள். இரண்டு மணியோடு சரி. அந்த நேரத்துக்குப் பெட்டியின் வாயில் காகிதம் ஒட்டி மூடிவிட வேண்டும். இரண்டரைக்கு எல்லார் கண்ணெதிரிலும் பூட்டைத் திறந்து ரேட்டுகளைப் படிக்க வேண்டும். குறைந்த ரேட் கொடுத்தவருக்கு வேலை. இந்த நேரமெல்லாம் தலைமை ஆபீஸில் அச்சடித்து வருகிற படிவத்திலேயே இருந்தது, எங்களால் தொட முடியாது. கிழமை மட்டும் எங்கள் எஞ்சினியர் கையில் இருந்தது. அவர் வியாழக்கிழமையை விட்டால் வேறு நாளில் டெண்டர் வைக்கமாட்டார், குருவுக்கு உகந்த நாள் என்று. வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம்.

ராகு காலத்தில் காகிதம் ஒட்டமாட்டார்கள், பூட்டிலும் கை வைக்கமாட்டார்கள். மூன்று அடித்து ஐந்து நிமிஷம் ஆன பிறகுதான் எஞ்சினியர் தம் அறையிலிருந்து சாவியோடு வருவார். பதிவேட்டில் மட்டும் இரண்டரை என்று எழுத வேண்டும், படிவத்தில் அப்படித்தானே இருக்கிறது! நான் எழுதுவேன். காண்ட்ராக்டர்கள் வரிசையாக வந்து அதன் கீழே கையெழுத்துப் போடுவார்கள். யாருக்கும் இதில் நஷ்டம் இல்லை, அதனால் யாருக்கும் இது பொய்யாகத் தோன்றவில்லை. எனக்கு ராகு காலம், எமகண்டம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் முதல் மாதமே பழகிப்போனேன்.

அந்த ஒரு மணி நேரத்தைக் காண்ட்ராக்டர்கள் எதிரே இருந்த டீக்கடையில் கழிப்பார்கள். அங்கே இன்னொரு பழக்கம் இருந்தது. இரண்டு மணிவரை பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் பொத்தி வைத்திருந்த ரேட்டை, இரண்டு அடித்ததும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். இனிமேல் யாரால் என்ன செய்ய முடியும்? பரீட்சை முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் விடையை ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி. உன்னுது எவ்வளவு, என்னுது இவ்வளவு என்று சிரிப்பும் கேலியுமாக இருக்கும். எங்கள் ஜன்னல் வரைக்கும் கேட்கும்.

எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்கிற குரல் பல்லாவரத்தில் சிமெண்ட் குழாய் வார்க்கிற பட்டறை வைத்திருந்தவருடையது. ஐம்பது வயதிருக்கும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று இப்போது புளுகமாட்டேன். வெற்றிலை வாயோடு என் மேஜைமேல் குனிந்து பேசுவார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னா ம்மா, உங்க சாமிக்கு ராகு காலமே கெடயாதா?" என்பார். "எங்க சாமிக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் ட்யூட்டி அண்ணா, மத்த நாள் நாங்களே பாத்துக்கணும்" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் குழாய் நன்றாக வார்ப்பார். அவர் போட்ட லைன் எதுவும் உடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடன் திட்டம் வந்ததிலிருந்து சின்னச் சின்ன வேலைகள் நின்றுபோயின. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பெரிய வேலைகளாகவே விட்டார்கள். பெருங்களத்தூர் வரை குழாய் பதிக்கிற டெண்டர் அப்படி ஒன்று. பட்டறைக்காரர் அதற்காக இரண்டு மாதம் அலைந்தார். கவரைப் பெட்டிக்குள் போடுவதற்கு முன்னால் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இது வந்தா பட்டற நிக்கும். வரல, இழுத்து மூட வேண்டியதுதான் ம்மா. முப்பது பேரு கீறான் நம்மகிட்ட." அன்றைக்கு அவர் வாயில் வெற்றிலை இல்லை.

அன்று இரண்டு மணிக்கு எஞ்சினியரே அறையை விட்டு வெளியே வந்தார். "இது லோன் வேலை. அவங்க ரூல்ஸ் எல்லாம் ரொம்ப ஸ்ட்ரிக்ட். இன்னிக்கு ஒரு நாள் டயத்துக்கே ஓப்பன் பண்ணிடலாமா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார். பதில் சொன்னவர் பட்டறைக்காரர்.

"வாணா சார். இம்மாம் பெரிய வேல. ராகு காலத்துல தொறந்தா வெளங்குமா? ஒரு மணி நேரத்துல இன்னா ஆயிடப் போவுது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எஞ்சினியருக்கும் உள்ளூர அதுதான் ஆசை. அவர் அறைக்குள் போனார், இவர்கள் டீக்கடைக்குப் போனார்கள். நான் பெட்டிக்குக் காவலாக என் நாற்காலியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். பசை டப்பாவும் வெட்டி வைத்த காகிதமும் என் மேஜைமேல்தான் இருந்தன. ராகு காலம் பார்க்காத ஒரே ஆள் அந்த ஆபீஸில் நான்தான். எழுந்து ஒட்டியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தை நினைத்து இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது வெள்ளை முழுக்கை சட்டை போட்ட ஒருவர் உள்ளே வந்தார். நகரத்தில் இருந்த ஒரு பெரிய கம்பெனியின் மானேஜர். டெண்டர் படிவம் வாங்க வந்தபோது பார்த்திருந்தேன். கையில் கவர். "பாக்ஸ் இன்னும் மூடல இல்லியா மேடம்?" என்றார், அவ்வளவு மரியாதையாக.

"டயம் ஆயிடுச்சு சார். ரெண்டு மணியோட முடிஞ்சுபோச்சு" என்று எழுந்து நின்றேன்.

எஞ்சினியர் கதவருகே வந்து பார்த்தார். "சீல் பண்ணலையே ம்மா. போடட்டும். இன்னும் ஒரு கவர் வந்தா கவர்மெண்டுக்கு நல்லதுதானே" என்றார். அவர் பணம் வாங்கினாரா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பது அவர் சுபாவம். மானேஜர் கவரைப் பெட்டிக்குள் நழுவவிட்டார். எனக்கு அரக்கு உருகின வாசனை அடித்தது. காலையில் வைத்த அரக்கில் அந்த வாசனை இருக்காது.

மூன்று ஐந்துக்குப் பெட்டியைத் திறந்தார்கள். எஞ்சினியர் ஒவ்வொரு ரேட்டாகப் படித்தார். பட்டறைக்காரர் ரேட்டைப் படித்ததும் டீக்கடைக் கூட்டம் அவர் முதுகில் தட்டியது. கடைசியாகக் கம்பெனியின் கவர். அதில் இருந்த ரேட் பட்டறைக்காரர் ரேட்டுக்குக் கொஞ்சமே கொஞ்சம் கீழே இருந்தது. அவர் ரேட்டை அருகில் வைத்துக்கொண்டு போட்ட மாதிரி. அவர் முகம் சாம்பல் பூத்துவிட்டது. நான் பதிவேட்டில் வழக்கமான வாக்கியத்தை எழுதி நீட்டினேன். அவர் அதைப் படிக்கவே இல்லை. எப்போதும் போடுகிற இடத்தில் எப்போதும் போடுகிற கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

அடுத்த திங்கட்கிழமை வந்தார். டீக்கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: அன்று பின் பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் டீ குடித்தார், நீங்கள் ரேட் சொன்னதும் எழுந்து காருக்குப் போனார், இரண்டே முக்காலுக்குக் கவரோடு ஆபீஸுக்குள் நுழைந்தார் என்று. என் மேஜைக்கு முன்னால் நின்று, குனியாமல், தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தக் கவரு எப்போம்மா வந்துச்சு?"

"எனக்கு ஞாபகம் இல்ல அண்ணா" என்றேன். அவர் திரும்பிப் போனார்.

ஒரு வாரத்தில் ஐகோர்ட்டில் ரிட் மனு போட்டார். இரண்டே முக்காலுக்குப் பெட்டியில் கவர் விழுந்தது, பெட்டியைத் திறந்தது மூன்று மணிக்கு மேல், ஆகவே இந்த டெண்டர் செல்லாது என்று. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. இதற்கிடையில் கடன் கொடுத்தவர்கள் சார்பாக ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் பரிசோதனைக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். இரண்டரை மணி, எல்லார் கையெழுத்தும் வரிசையாக இருந்தது. இவ்வளவு சுத்தமான பதிவேட்டை இந்தப் பக்கம் பார்த்ததில்லை என்று என் கையெழுத்தைப் பாராட்டிவிட்டுப் போனார். நான் தேங்க் யூ சொன்னேன்.

எங்கள் எஞ்சினியர் என்னை அரசு வக்கீலிடம் அழைத்துப் போனார். பாரிமுனை பக்கம் ஒரு மாடி அறை. வக்கீல் நல்ல மாதிரி, எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். "யாருக்கு வேலை குடுக்கணும்னு கோர்ட் பாக்காதும்மா. முறைப்படி நடந்துதான்னு மட்டும்தான் பாக்கும். அதுக்கு ரெஜிஸ்டர்தான் ஆதாரம். ரெஜிஸ்டர் எழுதினது நீங்க. அதுல இருக்கறது சரிதான்னு ஒரு அஃபிடவிட் போட்டா போதும்" என்றார்.

எஞ்சினியர் வெளியே வந்த பிறகு பேசினார். "ரெஜிஸ்டர் தப்புன்னா, எழுதினவங்க மேலதான் முதல்ல ஆக்‌ஷன் வரும். உங்க பேரை பெர்மனென்ட் லிஸ்ட்ல வேற அனுப்பியிருக்கேன்." மிரட்டுகிற குரலே இல்லை. நிஜமான கவலையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் பேச்சு வராது, காது நன்றாகக் கேட்கும். சொல்லி முடித்ததும் வாயைத் திறக்க மறுத்தார். ஸ்பூனை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமோ உட்கார்ந்திருந்தேன். கோபமா, பசியில்லையா, தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போய், சத்தியப் பிரமாணம் வாங்குகிறவர் முன்னால் நின்று, பதிவேட்டில் இருப்பது உண்மை என்று கையெழுத்துப் போட்டேன்.

கோர்ட்டில் முதலில் பட்டறைக்காரர் தரப்பில் தடை உத்தரவு கேட்டார்கள். கிடைக்கவில்லை. வேலை தாமதமானால் கடன் கைவிட்டுப் போகும், ஊர்களுக்குத் தண்ணீர் வராது என்று அரசு வக்கீல் சொன்னார். ஒரு தனி ஆளின் குறைக்காக அத்தனை பேர் தண்ணீரை நிறுத்த முடியாது என்று நீதிபதி சொன்னார். நானும் தெருக்குழாயில் வரிசையில் நின்று குடம் பிடித்தவள்தான், அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வழக்கு முழுதாக விசாரணைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் ஜி.எஸ்.டி. ரோடு நெடுகக் கம்பெனி பள்ளம் தோண்டிவிட்டது. நான் தாம்பரத்திலிருந்து ரயிலில் போகும்போது சானடோரியம் தாண்டினதும் ரோடு கண்ணில் படாத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

விசாரணை அன்று பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பீச் ஸ்டேஷனில் இறங்கிப் போனேன். பட்டறைக்காரர் வெள்ளை வேட்டியில், நெற்றியில் திருநீறோடு, முன் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். நீதிபதி பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில்தான் எல்லாம் நடந்தது. இந்தக் கையெழுத்து உங்கள் கட்சிக்காரருடையதுதானே என்று கேட்டார். ஆமாம், ஆனால் எப்போதும் இப்படித்தான் போடுவது வழக்கம், ராகு காலம் கழியக் காத்திருப்பார்கள் என்று அவருடைய வக்கீல் ஆரம்பித்தார். பின்னால் சிரிப்புச் சத்தம் எழுந்தது.

நீதிபதி சிரிக்கவில்லை. "அன்றைக்கு வியாழக்கிழமையா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் தலையைத் தூக்காமல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். வியாழக்கிழமை ராகு காலம் எப்போது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துபோயிற்று. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "வழக்கமாகப் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடுகிற ஒருவர், இந்த ஒரு முறை உண்மை சொல்கிறார் என்று நான் எதை வைத்து நம்புவது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் நான், பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ரிட் மனுவில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கமாட்டார்கள், காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கமாட்டேன். கையில் பதிவேடு இல்லாததால் புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

மனு தள்ளுபடி ஆனது. எது உண்மை என்று இரண்டு தரப்பும் சண்டை போடுகிற விஷயத்தை ரிட்டில் தீர்க்க முடியாது, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், அரசாங்கப் பதிவேடு சரியென்றே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு. சட்டப்படி தப்பு இல்லை என்று அரசு வக்கீல் சொன்னார். இருக்கலாம். பட்டறைக்காரர் வராந்தாவில் என்னைத் தாண்டித்தான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. சிவில் கோர்ட்டுக்கும் போகவில்லை. போக அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அந்த வருஷமே பட்டறையை விற்றார். கம்பெனி போட்ட லைனில் தண்ணீர் வந்தது, மூட்டுக்கு மூட்டு ஒழுகிக்கொண்டு வந்தது. என் வேலை பெர்மனென்ட் ஆயிற்று.

இரண்டு வருஷம் கழிந்தது. எஞ்சினியர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். அவர் மேஜையிலும் பஞ்சாங்கம் இருந்தது, டெண்டர் வியாழக்கிழமைதான். பீர்க்கன்கரணையில் ஏரிக்கரையை ஒட்டிப் பம்ப் ஹவுசுக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிற சின்ன வேலை ஒன்று வந்தது. கவர் போட வந்தவர்களில் பட்டறைக்காரரும் இருந்தார். பட்டறை போன பிறகு கிடைத்த கொத்து வேலையைச் செய்துகொண்டிருந்தார். பாதி உடம்புதான் இருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார்.

நான் அன்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். சரியாக இரண்டு மணிக்கு, யாரையும் கேட்காமல், பெட்டி வாயில் காகிதத்தை ஒட்டினேன். "ராகு காலத்துல என்னம்மா இது" என்று புதிய எஞ்சினியர் முணுமுணுத்தார். நான் காதில் வாங்கவில்லை. மூன்று ஐந்துக்குத் திறந்தார்கள். பட்டறைக்காரர் ரேட்தான் குறைவு, வேலை அவருக்கு. எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. பதிவேட்டை எடுத்து, என் உத்தியோகத்தில் முதல் முறையாக, 3.05 என்று எழுதினேன். அதை அவருக்கு முன்னால் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதை மறைப்பானேன்.

அந்த வழக்குக்குப் பிறகு அவர் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். விரல் அந்த இடத்தில் நின்றது.

"இன்னா ம்மா இது? மூணு அஞ்சுன்னு போட்டுக்கீற?"

"அதுதானே அண்ணா உண்மை."

"தெரியும்மா. அன்னிக்கும் அதான் உண்ம." அவர் பழைய சத்தமெல்லாம் போயிருந்தது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நோட்டீஸ்ல ரெண்டர கீது, புக்ல மூணு அஞ்சு கீது. தோத்தவன் நாளைக்கே வக்கீல் வூட்டுக்குப் போவான். கேன்சல் பண்ணிடுவாங்கோ. எனக்கு இந்த ஒரு சொவருதான் ம்மா கீது. மாத்தி எழுதிடு தாயி."

அவருக்குப் பின்னால் மற்றவர்கள் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள். நான் 3.05-ஐ அடித்துவிட்டு, மேலே 2.30 என்று எழுதினேன். பதிவேட்டில் அடித்தல் இருந்தால் பக்கத்திலேயே இனிஷியல் போட வேண்டும் என்பது விதி. பேனாவை என் கையிலிருந்து வாங்கி முதல் இனிஷியலை அவர் போட்டார். அதன் கீழே நான் போட்டேன்.